பவளத்தை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உயிருள்ள பவளங்களை வீட்டிலேயே வளர்க்க முடியும் என்பது பலருக்கு இன்னும் புதிய செய்திதான். அதை அழகான படங்களோடு எடுத்துச் சொன்னதற்கு முதலில் நன்றி. ஆனால், கண்ணுக்குப் பிடித்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும், மற்றதை விளக்கும் வடிகட்டியும் பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில் அதில் இருந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி பராமரித்து வருகிறேன். தொடக்கத்தில் அந்த வரி சொல்வதைப் போலவே நடந்துகொண்டு, வளர்ந்திருக்க வேண்டிய உயிர்களைச் சாகவிட்டவனும் நான்தான். எனவே புதிதாகத் தொடங்க நினைக்கும் வாசகர்களுக்காகச் சில விவரங்களை எழுதுகிறேன்.

பவளம் செடியைப் போலக் கிளைவிட்டு நின்றாலும், கல்லைப் போல இறுகிக் கிடந்தாலும், அது கடல்சாமந்திக்கும் இழுதுமீனுக்கும் உறவான ஒரு விலங்கு. நாம் ஒரே பவளம் என்று பார்ப்பது பெரும்பாலும் பாலிப் எனப்படும் நூற்றுக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்பு. பலவகைப் பவளங்களின் சதைக்குள் ஸூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. சில இனங்களில் அன்றாட ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை இப்படியே கிடைத்துவிடும். நுண்பாசி இல்லாத பவளங்களோ வாயில் வந்து விழும் இரையை மட்டுமே நம்பி வாழ்பவை. ஆகவே ஒரு பவளத்தின் முன் நிற்கும்போது எழ வேண்டிய முதல் கேள்வி, அது எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்பதுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் வாங்கியது, தங்கள் கட்டுரையின் முகப்புப் படத்தில் இருக்கும் அதே கார்னேஷன் பவளம். டெண்ட்ரோநெஃப்தியா என்பது அதன் அறிவியல் பெயர். சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பூங்கொத்தைப் போன்ற அதன் அழகில் மயங்காதவர்கள் குறைவு. முதல் சில நாட்கள் உப்பிப் பெருத்து நின்றது. மூன்றாவது வாரத்தில் காலையில் விரிவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தோலுக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஊசிகள் மெலிந்த உடம்பில் எலும்பு தெரிவதைப் போல வெளியே தெரியத் தொடங்கின. நானோ வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து விளக்கைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பவளத்துக்குள் நுண்பாசியே கிடையாது. நீரில் மிதந்து வரும் மிக நுண்ணிய உயிரிகளை ஏறத்தாழ நாள் முழுவதும் தின்றுகொண்டே இருக்க வேண்டிய இனம் அது. ஏழாவது வாரத்தில் அது பாறையிலிருந்து கழன்று விழுந்தது. நிறம் பார்த்து வாங்கிய ஓர் உயிர் என் கண்ணெதிரே பட்டினியால் செத்திருக்கிறது என்பது பின்னர் படித்தபோதுதான் புரிந்தது. இடைவிடாமல் உணவு செலுத்தும் கருவியும், அதனால் நீர் கெடாமல் காக்கும் ஏற்பாடும் இல்லாத எந்த வீட்டுத் தொட்டிக்கும் இந்தப் பவளம் ஏற்றதில்லை. படத்தின் கீழே இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

பவளம் வளர்ப்பவர்கள் பேச்சு வழக்கில் மூன்று கூட்டங்களாகப் பிரித்துச் சொல்வார்கள்: மென் பவளங்கள், பெரிய பாலிப் கொண்ட கடின பவளங்கள், சிறிய பாலிப் கொண்ட கடின பவளங்கள். பின்னிரண்டையும் எல்.பி.எஸ்., எஸ்.பி.எஸ். என்று சுருக்கி அழைப்பது வழக்கம். இது அறிவியல் வகைப்பாடு இல்லை. காளான் பவளமும் ஸோவாந்திடும் கறாராகப் பார்த்தால் மென் பவளங்களே அல்ல. ஆனாலும் ஒரு தொட்டிக்கு எது பொருந்தும் என்று கணக்கிட இந்தப் பிரிவினை மிகவும் கைகொடுக்கிறது.

புதியவர்கள் தொடங்க வேண்டியது காளான் பவளம், ஸோவாந்திட், தோல் பவளம் எனப்படும் சார்கோபைட்டான், சைனுலேரியா போன்றவற்றிலிருந்துதான். இவை கல்லால் ஆன பெரிய எலும்புக்கூட்டைக் கட்டாதவை என்பதால் நீரிலிருந்து கால்சியத்தை அதிகம் உறிஞ்சுவதில்லை; ஒழுங்காக நீர் மாற்றி வந்தாலே தேவையானது கிடைத்துவிடும். ஒளியும் மிதமாக இருந்தால் போதும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் என்னும் அளவில் 50 முதல் 150 வரை இவற்றுக்குப் பொருந்தும். காளான் பவளத்துக்கு அதிலும் கீழ்ப்பாதியே நல்லது. தோல் பவளம் சில நாட்கள் சுருங்கி, மேலே மெழுகு பூசியதைப் போலப் பளபளத்து, பிறகு ஒரு மெல்லிய படலத்தை உரித்துப் போடும். அது செத்துவிட்டதாக நினைத்துத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அது அந்தப் பவளத்தின் இயல்பு. படலம் அடித்துச் செல்லப்படும் அளவுக்கு நீரோட்டம் கிடைத்தால் மீண்டும் விரிந்துவிடும்.

எளிதாக வளரும் என்பதற்காக எதையும் கண்ட இடத்தில் வைத்துவிடக் கூடாது. ஸீனியாவும் பச்சை நட்சத்திரப் பாலிப்பும் புல்லைப் போலப் படர்பவை. இவற்றை முதன்மைப் பாறையில் ஒட்டிவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் மற்றப் பவளங்களை மூடிவிடும். பிறகு பாறையையே வெளியே எடுத்துச் சுரண்டினால்தான் உண்டு. மணற்பரப்பின் நடுவில் தனித் தீவாக ஒரு கல்லை வைத்து அதில் வளர்ப்பதே நல்லது.

அடுத்த படியாக எல்.பி.எஸ். பவளங்களில் மிட்டாய்த்தண்டுப் பவளம் எனப்படும் காலாஸ்ட்ரேயா, டங்கன், பிளாஸ்டோமுசா ஆகியவை பொறுமைசாலிகள். சுத்தியல் பவளம், டார்ச் பவளம் போன்ற யூஃபிலியா வகைகள் அவற்றைவிடச் சற்று நுணுக்கமானவை. இவற்றின் சதை பருத்தும் மென்மையாகவும் இருப்பதால், பம்பின் நீர்த்தாரை நேராக மேலே படும்படி வைத்தால் கூர்மையான எலும்புக்கூட்டின் விளிம்பில் உராய்ந்து கிழிந்துவிடும். உணர்கொம்புகள் மெதுவாக ஆடும் அளவுக்கு நீரோட்டமும், 80 முதல் 150 வரையான பார் ஒளியும் போதுமானவை. வாரத்தில் ஓரிரு முறை சிறிய இறால் துணுக்குகளைக் கொடுத்தால் வளர்ச்சியில் வேறுபாடு தெரியும்.

அக்ரோபோரா போன்ற எஸ்.பி.எஸ். பவளங்கள் வேறு உலகம். 250 முதல் 400 வரை பார் ஒளி, திசை மாறி மாறி மோதும் வலுவான நீரோட்டம், நாளுக்கு நாள் மாறாத நீர்வேதியியல் என மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும். அக்ரோபோரா நிறைந்த ஒரு தொட்டியில் நீரின் ஆல்கலினிட்டி, அதாவது கரைந்திருக்கும் கார்பனேட்டுகளின் அளவு, ஒரே நாளில் 1 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) அளவுக்குக் கூடக் குறைந்துவிடும். அதை ஈடுசெய்யத் தினமும் கால்சியமும் கார்பனேட்டும் செலுத்தும் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு 1 டி.கே.எச். குறைவுக்கும் கால்சியம் ஏறத்தாழ 7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 7 பங்கு) குறைகிறது என்பதால் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். தொட்டி தொடங்கி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆன பிறகே இவற்றை நினைப்பது நல்லது. இந்தக் கூட்டத்திலேயே முதலில் முயன்று பார்க்கத் தகுந்தது தட்டு வடிவ மான்டிபோரா.

எந்தக் கூட்டமானாலும் அடிப்படை ஒன்றுதான்: பவளம் வாங்குவதற்கு முன்பே தொட்டி தயாராக இருக்க வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உப்புச்செறிவு ஆயிரத்துக்கு 35, வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், ஆல்கலினிட்டி 8 முதல் 9 டி.கே.எச்., கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., மெக்னீசியம் 1,250 முதல் 1,350 பி.பி.எம். ஆகியவை பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று பழைய அறிவுரை ஒன்று உண்டு. மென் பவளங்களும் எல்.பி.எஸ். பவளங்களும் நைட்ரேட் 5 முதல் 15 பி.பி.எம். வரை இருக்கும் நீரில்தான் கூடுதல் செழிப்போடு வளர்வதை நான் கண்டிருக்கிறேன். குழாய் நீரில் குளோரினும், சில வேளைகளில் செம்பும் இருக்கும்; செம்பு மீனைவிடப் பவளத்தை வேகமாகக் கொல்லும். ஆகவே ஆர்.ஓ. (சவ்வு வழி வடிகட்டல்), டி.ஐ. (அயனி நீக்கம்) இரண்டிலும் சுத்திகரித்த நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும்.

எண்களைவிட நிலைத்தன்மை முக்கியம் என்று சொன்னால் பலரும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். 40 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் உப்புச்செறிவு 35இலிருந்து 38ஐ நெருங்கிவிடும். நான்காம் நாள் பதறிப்போய் மூன்று லிட்டர் நன்னீரை ஒரே மூச்சில் ஊற்றினால் அது இரண்டாவது அடி. சிறிய தொட்டி புதியவர்களுக்கு எளிது என்று கட்டுரையில் சொல்லப்பட்டிருப்பது இதனால்தான் சரியில்லை. நீரின் அளவு கூடக்கூட மாற்றங்கள் மெதுவாக நிகழும். தவறைக் கண்டுபிடித்துத் திருத்த நேரம் கிடைக்கும். வெப்பநிலையும் அப்படித்தான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதல் வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே கடலில் பவளங்கள் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுக்கத் தொடங்கிவிடுகின்றன. 1998இலும் 2016இலும் உலகின் பல கடல்களில் நிகழ்ந்தது இதுதான். 2023இல் தொடங்கியது உலகளவிலான நான்காவது வெளிறல் என அறிவிக்கப்பட்டது. பெருங்கடலுக்கே இந்த நிலை என்றால், வெயில் விழும் சன்னலோரத்தில் வைத்த கண்ணாடித் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இன்னொன்று, பவளங்களுக்கு இடையிலான சண்டை. பகலில் பக்கத்துப் பக்கத்தில் அமைதியாக இருக்கும் இரண்டு பவளங்கள் இரவில் ஒன்றையொன்று தாக்கிக்கொள்ளும் என்பதை நான் நேரில் பார்க்கும் வரை நம்பவில்லை. என் தொட்டியில் கலாக்ஸியா என்னும் கடின பவளம் ஒன்றையும் ஒரு சுத்தியல் பவளத்தையும் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்திருந்தேன். இரண்டு நாள் தொடர்ந்து காலையில் சுத்தியல் பவளத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, சதை கரைந்திருந்தது. மூன்றாம் நாள் இரவு விளக்குகள் அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் சுற்றிய கைவிளக்கோடு தொட்டியருகே குனிந்து பார்த்தேன். கலாக்ஸியாவின் உடலிலிருந்து நூலைப் போல மெலிந்த, நுனி வெளுத்த கொம்புகள் நீண்டு, நீரோட்டத்தின் போக்கிலேயே மிதந்து சென்று சுத்தியல் பவளத்தின் மேல் படிந்திருந்தன. பகலில் இந்தக் கொம்புகள் இருந்த சுவடே தெரியாது. கலாக்ஸியாவுக்குக் குறைந்தது 20 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். நீரோட்டம் அதிலிருந்து மற்றப் பவளத்தை நோக்கிப் போகாத பக்கமாகப் பார்த்து வைக்க வேண்டும். டார்ச் பவளமும் தன் நெருங்கிய உறவான சுத்தியல் பவளத்தையே கொட்டும். தோல் பவளமும் சைனுலேரியாவும் தொடாமலேயே போரிடுபவை. டெர்பீன் என்னும் வேதிப்பொருள்களை நீரில் கலந்து அருகிலுள்ள கடின பவளங்களின் வளர்ச்சியை முடக்கும். இரு வகையையும் ஒரே தொட்டியில் வைப்பவர்கள் அந்த வேதிப்பொருள்களை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனைத் தவறாமல் மாற்றி வர வேண்டும்.

மீன்களையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கோமாளி மீன்களும் கோபி மீன்களும் பவளத்துக்குத் தொல்லை தருவதில்லை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பெரும்பாலானவை, ஏஞ்சல் மீன்களில் பல, டிரிக்கர் மீன்கள், பேத்தை மீன்கள் ஆகியவை பவளத்தைக் கொறிப்பவை.

கடையில் பவளத்தைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடைத் தொட்டிகளில் பெரும்பாலும் நீல விளக்கு எரியும். அந்த ஒளியில் பவளங்களின் ஒளிரும் நிறமிகள் பல மடங்கு எடுப்பாகத் தெரியும். வெள்ளை விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். அப்போது பழுப்பாகத் தெரிந்தால் பவளம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. நுண்பாசியின் நிறமே பழுப்புதான். மாறாக, கண்ணாடியைப் போல வெளிறிய மஞ்சளும் இளஞ்சிவப்பும் சில வேளைகளில் நுண்பாசியை இழந்து பட்டினி கிடக்கும் பவளத்தின் அடையாளம். கடின பவளத்தில் சதை விளிம்பு வரை ஒட்டியிருக்கிறதா, எலும்புக்கூடு வெள்ளையாக எட்டிப்பார்க்கிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். பழுப்புக் கூழ் போன்ற படலம் ஒரு பவளத்தில் இருந்தால் அதே தொட்டியிலுள்ள மற்ற எதையும் அன்றைக்கு வாங்கக் கூடாது என்பது என் வழக்கம். கடைக்கு வந்து எத்தனை வாரம் ஆகிறது, எந்த ஒளியில் இருந்தது, அவர்கள் தொட்டியின் உப்புச்செறிவும் ஆல்கலினிட்டியும் எவ்வளவு என்று கேட்க வேண்டும். நல்ல விற்பனையாளர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

வாங்கி வந்ததை நேராகப் பெரிய தொட்டியில் இறக்கிவிடக் கூடாது. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுக்கள், மான்டிபோராவைத் தின்னும் நுடிபிராங்குகள் என்னும் ஓடில்லாக் கடல் நத்தைகள் போன்றவை பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும். மருந்து நீரில் முக்கி எடுத்தால் புழு செத்துவிடும், முட்டை சாகாது. அதனால் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துத் திரும்பத் திரும்பச் சோதிப்பதற்கு மாற்று வழியில்லை. பிறகு தொட்டியின் அடிப்பகுதியில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக மேலே உயர்த்தி ஒளிக்குப் பழக்க வேண்டும்.

கட்டுரையில் அறவே விடுபட்டுப்போன ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸோவாந்திட், குறிப்பாகப் பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. கையில் கீறல் இருக்கும்போது தொடுவது, வெட்டும்போது சாறு கண்ணில் தெறிப்பது ஆகியவை மருத்துவமனை வரை கொண்டுபோய்விடும். இந்தப் பவளம் படர்ந்த பாறையைச் சுத்தம் செய்வதாக நினைத்துக் கொதிநீரில் போட்டு, எழுந்த ஆவியைச் சுவாசித்து வீட்டில் இருந்த அனைவரும் நோயுற்ற நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இவற்றைத் தொடக் கூடாது. பாறையை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்கக் கூடாது. குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் இருக்கும் வீட்டில் இது தெரியாமல் ஸோவாந்திட் வளர்ப்பது ஆபத்து.

கடைசியாக, பவளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உயிருள்ள பவள ஏற்றுமதியில் முதலிடத்தில் இருப்பது இந்தோனேசியா. கடின பவளங்கள் அனைத்தும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாவது பட்டியலில் உள்ளவை. உரிய அனுமதிச் சான்று இல்லாமல் அவற்றை நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல முடியாது. பல நாடுகளில் கடலிலிருந்து எடுப்பதோடு வைத்திருப்பதும் குற்றம் என்பதால், தங்கள் நாட்டுச் சட்டத்தை விசாரித்த பிறகே தொட்டியைப் பற்றியே யோசிக்க வேண்டும். சட்டம் அனுமதிக்கும் இடங்களில், தொட்டியிலேயே வெட்டி வளர்த்த ஃபிராக் எனப்படும் சிறு துண்டுகளைத்தான் நான் பரிந்துரைப்பேன். கடலில் மாபெரும் பந்தாக வளரும் போரைட்டஸ் போன்ற பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே வளர்வது. நாம் ஒரு வாரத்தில் கொன்றுவிடக்கூடிய கையளவுத் துண்டு, கடலில் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டியது. ஃபிராக் துண்டுகளோ ஏற்கெனவே செயற்கை விளக்குக்கும் தொட்டி நீருக்கும் பழகியவை. வெட்டுக்காயம் ஆறி, சதை அடிக்கட்டையின் மேல் படரத் தொடங்கியிருந்தால் நம்பி வாங்கலாம்.

இந்தத் தலைப்பில் மீண்டும் ஒரு கட்டுரை வெளியிடும் எண்ணம் தங்களுக்கு இருந்தால், ஒவ்வொரு படத்தின் கீழும் பவளத்தின் பெயர், அது வேண்டும் ஒளி, நீரோட்டம், உணவு, விட வேண்டிய இடைவெளி ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கார்னேஷன் பவளத்தின் படத்துக்குப் பதிலாக ஒரு காளான் பவளத்தை முகப்பில் போட்டால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. என் தொட்டியில் இன்றும் மூலைப் பாறையில் ஒரு காளான் பவளம் இருக்கிறது. நான் செய்த எல்லாப் பிழைகளையும் தாங்கி, ஒன்றாக வந்தது இப்போது பதினேழாகப் பெருகியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்